ரெட்டினா வேலை செய்யறத கையும் களவுமா பிடிக்க ஒரு சனிக்கிழமை போதும்: வீட்டிலேயே செய்ய முழு வழிகாட்டி

கோலாலம்பூர் செந்தூல்ல எங்க ஃப்ளாட்டு ஹால்ல சனிக்கிழமைகள்ல ஃபார்ம் சிக்ஸ் (யூனிவர்சிட்டிக்கு முந்தின வகுப்பு) பிள்ளைங்களுக்கு பயாலஜி சொல்லிக்கொடுக்கறேன். ரெட்டினா, அதான் கண்ணுக்குள்ள பின்சுவத்துல இருக்கற விழித்திரை, அந்த பாடம் வந்தா வருஷா வருஷம் ஒரே கதைதான். படத்த அழகா வரைஞ்சிடுவாங்க, அதுல இருக்கற செல்லுங்கள ராட், கோன், ஹாரிசான்டல், பைபோலார், அமக்ரைன், கேங்க்ளியன்னு எல்.ஆர்.டி ஸ்டேஷன் பேர் மாதிரி வரிசையா ஒப்பிச்சிடுவாங்க, "சரி தம்பி, இந்த ஹாரிசான்டல் செல்ல எடுத்துட்டா என்னப்பா ஆகும்"னு கேட்டா எல்லாரும் மேல ஃபேன பாப்பாங்க.

அதனால இப்பல்லாம் படத்துக்கு கால் மணி நேரம்தான். மீதி நேரம் அவங்கவங்க ரெட்டினாவ அவங்கவங்களே சோதிச்சு பாக்கணும். எல்லா சோதனையும் ஒரே விஷயத்த தான் காட்டப்போகுது: ரெட்டினா வெளிச்சத்த அப்படியே மூளைக்கு அனுப்பறதில்ல, பக்கத்துல இருக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், ஒரு நொடி முன்னாடி இருந்ததுக்கும் இப்பத்துக்கும் என்ன வித்தியாசம், அத மட்டும்தான் அனுப்புது. இத மனசுல வச்சிட்டு போங்க.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

தேவையான சாமான்: நாலஞ்சு ஏ4 பேப்பர், கருப்பு மார்க்கர், ரூலர், ஒரு அஞ்சு சென் காசு, கருப்பு அட்டை, தையல் ஊசி, ஒரு மீட்டர் நூல், சாவிக்கொத்து, பழைய கூலிங் கிளாஸ், கண்ண கட்ட கருப்பு துணி, பூஜை அறையில இருந்து கொஞ்சம் குங்குமம், செகண்டரி ஸ்கூல் பொண்ணுங்க பினஃபோர்ல வருமே அந்த இளநீல துணில ஒரு துண்டு. போனோ லேப்டாப்போ ஒண்ணு. வீட்டுல இல்லாதத ரெண்டு வெள்ளி கடையில வாங்கிக்கலாம், பத்து வெள்ளிக்கு மேல போகாது.

நேரம்: சாயந்தரம் நாலு மணிக்கு ஆரம்பிங்க. கேஎல்ல ஏழேகால் ஏழரைக்கு இருட்டிடும், கடைசி சோதனைக்கு இருட்டு வேணும், கணக்கு சரியா வரும்.

வரிசைய மாத்தாதீங்க. புதுசா பண்றவங்க செய்யற முதல் தப்பு இதுதான், எது ஜாலியா இருக்கோ அத முதல்ல பண்ணுவாங்க. கலர் சோதனைய முதல்ல பண்ணா அந்த கலர் கறை கண்ணுல ஒட்டிக்கிட்டு அடுத்த சோதனைய கெடுக்கும். இருட்டு சோதனைய நடுவுல பண்ணா திரும்ப லைட்டு போட்ட உடனே அரை மணி நேர உழைப்பு வீண்.

பாதுகாப்பு பத்தி ஒரே பாராவுல சொல்லிடறேன். சூரியன பாக்கக்கூடாது, லேசர் பாயிண்டர் பக்கமே போகக்கூடாது, கண்ண விரலால அழுத்தி பூச்சி பறக்கறத பாக்கற வேலையெல்லாம் வேணாம். வலிப்பு இருக்கறவங்க யாராச்சும் கூட இருந்தா மினுக் மினுக்குன்னு வெட்டற வீடியோ எதுவும் போடாதீங்க. திடீர்னு கண்ணுல மின்னல் வெட்டற மாதிரியோ, புதுசா நிறைய புள்ளி பறக்கற மாதிரியோ, ஒரு பக்கம் திரை இறங்கற மாதிரியோ இருந்தா அது சோதனை இல்ல, அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போகணும்.

2. படத்த சரியான பக்கம் திருப்புங்க

பேப்பர்ல மூணு வரிசை போடுங்க. கண்ணோட உள்பக்கம், அதாவது வெளிச்சம் வந்து இறங்கற பக்கம், மூளைக்கு செய்தி அனுப்பற கேங்க்ளியன் செல். நடுவுல பைபோலார். கடைசில, சுவர் பக்கம், வெளிச்சத்த வாங்கற ராடும் (மங்கல் வெளிச்சத்துக்கு) கோனும் (பகலுக்கும் கலருக்கும்).

ஆமா, வெளிச்சம் கேங்க்ளியனையும் பைபோலாரையும் தாண்டி போய் தான் ராடையும் கோனையும் தொடணும். அப்புறம் சிக்னல் வந்த வழியே திரும்பி வரணும். ரெண்டு அம்புக்குறி போடுங்க, ஒண்ணு போற பக்கம், ஒண்ணு வர்ற பக்கம். பத்துல எட்டு பிள்ளைங்க ஒரே அம்புதான் போடுவாங்க, அங்கேயே குழப்பம் ஆரம்பம்.

அடுத்த தப்பு இன்னும் பெரிசு. வெளிச்சம் பட்டா ராடும் கோனும் "ஆன்" ஆகும்னு நினைக்கறாங்க. தலைகீழ். இருட்டுல தான் அது ஓயாம வேலை செய்யுது, சரியா மூடாத பைப்பு மாதிரி குளூட்டமேட்ட (அடுத்த செல்லுக்கு செய்தி சொல்ற கெமிக்கல்) சொட்டு சொட்டா விட்டுக்கிட்டே இருக்கும், செல்லுக்குள்ள வோல்டேஜ் சுமார் -40 மில்லிவோல்ட். வெளிச்சம் பட்டா உள்ள இருக்கற சிஜிஎம்பி (கதவ திறந்து வைக்கற கெமிக்கல்) குறையும், சோடியம் வர்ற கதவு மூடும், வோல்டேஜ் -65, -70 பக்கம் இறங்கும், சொட்டறது குறையும். வெளிச்சம்னா பைப்ப மூடறது, அவ்ளோதான்.

இப்ப பைபோலார் ரெண்டு வகை. ஆஃப் வகைக்கு குளூட்டமேட் வந்தா உற்சாகம், அதனால அது இருட்டுக்கு சந்தோஷப்படும். ஆன் வகைல இருக்கற ரிசெப்டர் (கெமிக்கல வாங்கற இடம்) வேற மாதிரி, குளூட்டமேட் வந்தா அது அடங்கிடும், நின்னா எழுந்துக்கும், அதனால அது வெளிச்சத்துக்கு சந்தோஷப்படும். விடற கெமிக்கல் ஒண்ணே தான், வாங்கற ஆள் தான் வேற. "ஆன் பைபோலாருக்கு வேற கெமிக்கல் போகுது"ன்னு எழுதினா மார்க் போச்சு.

ஹாரிசான்டல் செல்லும் அமக்ரைன் செல்லும் குறுக்கால போடுங்க. முதல் வகை ராட்-கோன் கிட்ட, ரெண்டாவது வகை கேங்க்ளியன் கிட்ட. இதுங்க வேலை அக்கம்பக்கத்து செய்திய கொண்டு வந்து அடக்கறது. விவரம் அஞ்சாவது படில வரும், இப்ப போட்டா மட்டும் போதும்.

படத்துக்கு கீழ மூணு எண் எழுதிக்கோங்க. ராட் சுமார் 120 மில்லியன், கோன் சுமார் 6 மில்லியன், கேங்க்ளியன் சுமார் 1 மில்லியன். நூத்துக்கும் மேல பேர் சொல்றத ஒரே ஆள் மூளைக்கு சொல்லணும். எதையாச்சும் விட்டுத்தான் ஆகணும், எத விடுதுங்கறது தான் இன்னைக்கு வேலை.

3. குருட்டுப் புள்ளிய அளந்து பாருங்க

வந்த வழியே திரும்பணும்னா கேங்க்ளியன் செல்லோட வயர் எல்லாம் எங்கயாச்சும் ஓட்டை போட்டு வெளிய போகணும் இல்லையா, அந்த ஓட்டைல ராடும் இல்ல கோனும் இல்ல. ரெண்டாவது படில போட்ட படம் சரிதான்னு இது காட்டிடும், அதான் முதல்ல வச்சிருக்கேன்.

ஏ4 பேப்பர படுக்க வச்சு இடது பக்கம் சின்னதா ஒரு கூட்டல் குறி. அதுல இருந்து வலது பக்கம் சரியா 8 சென்டிமீட்டர்ல அஞ்சு சென் காசு, ஆனா கூட்டல் குறி மட்டத்துக்கு அரை சென்டிமீட்டர் கீழ. இடது கண்ண மூடுங்க, வலது கண்ணால கூட்டல் குறிய மட்டும் பாருங்க, பேப்பர் கண்ணுல இருந்து 30 சென்டிமீட்டர். காசு காணாம போயிடும்.

ஏன் 8, ஏன் 30? குருட்டுப் புள்ளி நம்ம பார்வையோட நடுவுல இருந்து வெளிப்பக்கமா சுமார் 15 டிகிரி தள்ளி இருக்கு, மட்டத்துக்கு கொஞ்சம் கீழ. 30 சென்டிமீட்டர் தூரத்துல 15 டிகிரின்னா 8 சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டர் இறக்க சொன்னதும் அதுக்குத்தான், இறக்காம வச்சா சில பேருக்கு காசோட மேல் ஓரம் மட்டும் நிலா பிறை மாதிரி தெரிஞ்சிட்டே இருக்கும்.

வரலன்னா மூணே காரணம்: தப்பான கண்ண மூடியிருப்பீங்க, இல்ல கண்ணு நைசா காசு பக்கம் நழுவியிருக்கும், இல்ல பேப்பர வேகமா ஆட்டியிருப்பீங்க. மெதுவா லா.

வந்துடுச்சுன்னா காச எடுத்துட்டு மூடின பேனா முனைய அந்த இடத்துல இருந்து வெளிய நகர்த்துங்க, முனை எங்க திரும்ப தெரியுதோ அங்க கூட இருக்கறவங்கள புள்ளி வைக்க சொல்லுங்க. எட்டு திசைல பண்ணா நின்ன முட்டை மாதிரி ஒரு வடிவம் வரும், அகலம் சுமார் 3 சென்டிமீட்டர், உயரம் அதுக்கு கொஞ்சம் மேல. இவ்ளோ பெரிய ஓட்டைய இத்தன வருஷமா வச்சிட்டு சுத்தியிருக்கோம். அத நிரப்பறது மூளை, ரெட்டினா இல்ல, நோட்டுல அப்படியே எழுதுங்க.

4. உங்க ரத்தக்குழாய் நிழல பாருங்க

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை. முதல் தடவ பாத்த ஒரு தங்கச்சி "டீச்சர், என் கண்ணுக்குள்ள மரம் இருக்கு"ன்னு கத்திட்டா.

கருப்பு அட்டைல ஊசியால ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னதா ஓட்டை போடுங்க. லேப்டாப்ல வெறும் வெள்ளை பக்கத்த திறந்து வெளிச்சத்த முழுசா ஏத்துங்க. அட்டைய ஒரு கண்ணு கிட்ட, இமை முடி தொடற தூரத்துல வச்சு, ஓட்டை வழியா வெள்ளைய பாத்துக்கிட்டே அட்டைய சின்ன சின்ன வட்டமா சுத்துங்க, நொடிக்கு ரெண்டு மூணு சுத்து. மெல்லிசா கருப்பு கோடுங்க கிளை விட்டு தெரியும், நடுவுல மட்டும் கோடே இல்லாம ஒரு வட்டம்.

கோடெல்லாம் ரத்தக்குழாய். நடுவுல காலியா இருக்கற இடம் ஃபோவியா, அங்க குழாயும் இல்ல, மேல் வரிசை செல்லுங்களும் ஓரமா ஒதுங்கி நிக்குது, வெளிச்சம் நேரா கோன் மேல விழும். அட்டைய மேலயும் கீழயும் மட்டும் ஆட்டினா படுத்த கோடுங்க தெரியும், பக்கவாட்டுல ஆட்டினா நின்ன கோடுங்க தெரியும். பண்ணி பாருங்க.

இப்ப முக்கியமான இடம். ஆட்டறத நிறுத்துங்க. ஒண்ணு ரெண்டு நொடில மரம் மறைஞ்சிடும். குழாய் எங்கயும் போகல, நிழல் அதே கோன் மேல அசையாம விழுந்துக்கிட்டு இருக்கு, மாத்தம் இல்லன்னா செய்தி இல்லன்னு மேல இருக்கற செல்லுங்க அமைதியாயிடுது. சாதாரணமா வெளிச்சம் எப்பவும் ஒரே வழியா வர்றதால அந்த நிழல் ஒரே இடத்துல நிக்கும், அதனால வாழ்க்கைல பாக்கறதே இல்ல. ஓட்டைய அசைச்சா நிழல் இடம் மாறும், புது கோன் மேல விழும், உடனே செய்தி. நேரத்துல வித்தியாசம்னு மேல சொன்னேனே, அது இதுதான்.

அப்ப சுவத்த முறைச்சு பாத்தா சுவரு ஏன் மறையலன்னு ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. நாம நேரா முறைச்சாலும் கண்ணு நமக்கே தெரியாம நடுங்கிக்கிட்டே இருக்கும், அதனால வெளி உலகத்தோட படம் கோன் மேல நகர்ந்துக்கிட்டே இருக்கும். ரத்தக்குழாய் கண்ணோடயே சேர்ந்து நடுங்கறதால அதுக்கு அந்த சலுகை இல்ல.

நேரம் இருந்தா லேப்டாப்ப முழு நீலமா மாத்தி சும்மா பாருங்க, வெளிச்ச புள்ளிங்க புழு மாதிரி ஓடும். நீல ஒளிய சிவப்பணு குடிச்சிடும், வெள்ளையணு விட்டுடும், அது போற இடம் பளிச்சுன்னு தெரியுது.

5. பேப்பர் ரெட்டினா: கணக்கு போடாம இந்த படிய தாண்டாதீங்க

பிள்ளைங்க இங்க தான் ஓட பாப்பாங்க. விடக்கூடாது, பத்து நிமிஷ வேலை, ஹாரிசான்டல் செல் எதுக்குன்னு இங்க தான் புரியும்.

ஆறு கோன் வரிசையா இருக்குன்னு வைங்க. இடது மூணு மேல நிழல், வலது மூணு மேல வெளிச்சம். எழுதுங்க:

10, 10, 10, 50, 50, 50

விதி ஒண்ணே ஒண்ணு: ஒவ்வொரு இடத்துக்கும், தன்னோட எண்ணுல இருந்து ரெண்டு பக்கத்து வீட்டு எண்ணோட சராசரிய கழிக்கணும். அந்த கழிக்கற வேலையில பெரும்பங்கு ஹாரிசான்டல் செல்லோடது, அமக்ரைனும் சேர்ந்துக்கும். பக்கத்துல எவ்ளோ வெளிச்சம்னு கூட்டி வந்து நடுவுல இருக்கறவன அடக்கறாங்க.

ரெண்டாவது இடம்: 10 - 10 = 0. மூணாவது: பக்கத்துல 10, 50, சராசரி 30, அதனால 10 - 30 = -20. நாலாவது: 50 - 30 = +20. அஞ்சாவது: 50 - 50 = 0. ஓரத்துல இருக்கற ரெண்டையும் விட்டுடுங்க, அதுக்கு ஒரு பக்கம் வீடே இல்ல.

0, -20, +20, 0

என்ன ஆச்சு பாருங்க. நிழலும் பூஜ்யம், வெளிச்சமும் பூஜ்யம், ரெண்டும் சேர்ற எல்லைல மட்டும் சத்தம். ஆறு எண்ணு ரெண்டு செய்தியா சுருங்கிடுச்சு. ஒரு மில்லியன் வயர வச்சு இவ்ளோ வேலை எப்படி நடக்குதுன்னா, ஒரே மாதிரி இருக்கற இடத்த பத்தி யாரும் பேசறதில்ல.

-20 எப்படி மூளைக்கு போகும்? கேங்க்ளியன் செல் டக் டக்குன்னு அடிக்கற துடிப்புல தான் பேசும், நொடிக்கு மைனஸ் இருபது துடிப்பு அடிக்க முடியாது. அதுக்குத்தான் ரெண்டாவது படில ரெண்டு பைபோலார் பாத்தோம். பிளஸ்ஸ ஆன் லைன் கொண்டு போகும், மைனஸ்ஸ ஆஃப் லைன் கொண்டு போகும், ரெண்டு பேரும் பிளஸ் எண்ணுல தான் பேசறாங்க. இத நான் போர்டுல எழுதும்போது பின்னாடி பெஞ்சுல இருந்து "ஓ"ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்காகவே இந்த பாடத்த எடுக்கலாம்.

சரிபாக்கணும்னா போன்ல ஏதாச்சும் வரையற ஆப்ல அஞ்சு பட்டை போடுங்க, கருஞ்சாம்பல்ல இருந்து வெளிர்சாம்பல் வரைக்கும், இடைவெளி இல்லாம ஒட்டி. ஒவ்வொரு பட்டையும் ஒரே சாம்பல்தான், ஆனா கருப்பு பக்கத்து ஓரம் கொஞ்சம் பளிச்சுன்னும் வெள்ளை பக்கத்து ஓரம் கொஞ்சம் மங்கலாவும் தெரியும். அதான் உங்க +20ம் -20ம். ரெண்டு பேப்பரால மத்த பட்டைய மறைச்சு ஒரே பட்டைய மட்டும் பாருங்க, சாதாரண சாம்பலா ஆயிடும். பக்கத்து வீடே இல்லன்னா கழிக்க ஒண்ணும் இல்ல.

ஒரு எச்சரிக்கை: நிஜ செல்லுல பக்கத்து வீடுன்னா ரெண்டு இல்ல, சுத்தி ஒரு வட்டம். எல்லாம் ஒரே எடையும் இல்ல. பேப்பர்ல சுலபத்துக்கு ரெண்டு வச்சோம், பரிட்சைல "ரெண்டு பக்கத்து கோன்"னு எழுதிடாதீங்க.

6. கட்டம் போட்ட படம், ஆனா முழுசா நம்பாதீங்க

கருப்பு சதுரங்க, நடுவுல வெள்ளை சந்து. சந்து சந்திக்கற இடத்துல சாம்பல் புகை மாதிரி தெரியும், நேரா பாத்த சந்திப்புல மட்டும் தெரியாது. புக்குல விளக்கம்: சந்திப்புக்கு நாலு பக்கமும் வெள்ளை, அதனால அடக்கறது ஜாஸ்தி. நேரா பாக்கற இடத்துல செல்லுங்க பாக்கற வட்டம் ரொம்ப சின்னது, சந்துக்குள்ளயே அடங்கிடும், அதனால புகை இல்ல.

இப்ப அந்த சந்த எல்லாம் லேசா பாம்பு மாதிரி வளைச்சு வரைஞ்சு பாருங்க. புகை போயிடும். ஆனா நாலு பக்க வெள்ளை கணக்கு கிட்டத்தட்ட மாறவே இல்லையே! 2008ல இத காட்டினதுக்கு அப்புறம் ரெட்டினா மட்டும் இத பண்ணலன்னு தெரிஞ்சுது, நேர்கோட்ட தேடற மூளை செல்லுங்களுக்கும் பங்கு இருக்கணும். கேள்வித்தாள்ல பழைய விளக்கத்த கேப்பாங்க, எழுதுங்க, மனசுல மட்டும் இத வச்சிக்கோங்க.

7. பத்துமலை முருகன நீலத்துல முறைங்க

ஆறாவது படில வந்த சந்தேகம், இது ரெட்டினாவா மூளையாங்கறது, அத தீர்க்க ஒரு வழி இருக்கு. ரெண்டு கண்ணோட செய்தியும் மூளைல தான் கலக்குது. அதனால ஒரு கண்ணுக்கு மட்டும் வேலை கொடுத்து, அந்த விளைவு இன்னொரு கண்ணுலயும் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா மூளை. தெரியலன்னா பெரும்பாலும் ரெட்டினா.

போன்ல பத்துமலை போட்டோ ஒண்ணு எடுங்க, 42.7 மீட்டர் தங்க முருகன், பக்கத்துல கலர் அடிச்ச 272 படி, இத விட நல்ல படம் கேஎல்ல எங்க கிடைக்கும். எடிட்ல கலர தலைகீழா மாத்துங்க, தங்கம் நீலமாயிடும். சிலையோட நெஞ்சுல ஒரு சின்ன புள்ளி வைங்க. இடது கண்ண கருப்பு துணியால கட்டிட்டு வலது கண்ணால அந்த புள்ளிய 30 நொடி அசையாம பாருங்க. அப்புறம் வெள்ளை சுவத்த பாத்து கண்ண ரெண்டு தடவ சிமிட்டுங்க. முருகன் பொன் நிறத்துல சுவத்துல நிப்பாரு.

காரணம் ரெண்டு. நீலத்துக்கு ரொம்ப நேரம் வேலை செஞ்ச கோன் களைச்சு குரல் இறங்கிடுச்சு. அதோட, நீலத்துக்கும் மஞ்சளுக்கும், சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் பாக்கற கேங்க்ளியன் செல்லுங்க, ஒரு பக்கம் நின்ன உடனே எதிர்ப்பக்கம் துள்ளுது.

இப்ப திரும்ப 30 நொடி முறைங்க, இந்த தடவ வலது கண்ண மூடிட்டு இடது கண்ண திறந்து சுவத்த பாருங்க. முருகன் இல்ல, இல்லன்னா ரொம்ப மங்கலா லேசா ஒரு கறை. அந்த கறை இடது கண்ணோடது இல்ல, மூடின வலது கண்ணு இன்னும் முனகிக்கிட்டு இருக்கு.

ஒப்பிட்டு பாக்க ஒண்ணு வேணும், இத விட்டுட்டா சோதனை பாதிதான். யூடியூப்ல அருவி வீடியோ போட்டு வலது கண்ணால மட்டும் 40 நொடி நடுவுல ஒரே இடத்த பாருங்க, அப்புறம் இடது கண்ணால அசையாத சுவரையோ செங்கல்லையோ பாருங்க. மேல ஏறற மாதிரி தெரியும், கொஞ்சம் மங்கலா இருந்தாலும் தெரியும். அது கண்ணு விட்டு கண்ணு தாவுது, அதனால மூளை. முயலோட ரெட்டினால திசை பாக்கற கேங்க்ளியன் செல் இருக்குன்னு புக்குல படிச்சிட்டு "அருவி மாயைக்கு அதான் காரணம்"னு எழுதறவங்க உண்டு, வேணாம்.

பொதுவா பண்ற தப்பு: 30 நொடிக்குள்ள கண்ணு படத்த சுத்தி உலா போயிடும். உலா போனா எந்த கோனும் முழுசா களைக்காது, சுவத்துல வெறும் அழுக்கு தான் தெரியும். புள்ளி வைக்க சொன்னது அதுக்குத்தான்.

8. ஒரு கண்ணு லேட்டா வருது

நூல்ல சாவிக்கொத்த கட்டி கதவு நிலையில தொங்க விடுங்க, இடம் வலமா நேர் கோட்டுல ஆட்டுங்க, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு பாருங்க. இப்ப கூலிங் கிளாஸோட ஒரு கண்ணாடிய வலது கண்ணு முன்னாடி மட்டும் பிடிங்க. ரெண்டு கண்ணும் திறந்திருக்கணும், இத மறந்து ஒரு கண்ண மூடிக்கறவங்க தான் பாதி பேரு. சாவி நேரா ஆடாம முட்டை வட்டமா சுத்தற மாதிரி தெரியும், வலது பக்கம் போகும்போது கிட்ட வரும், இடது பக்கம் போகும்போது தள்ளி போகும். கண்ணாடிய இடது கண்ணுக்கு மாத்தினா சுத்தறது எதிர்ப்பக்கம்.

வெளிச்சம் குறைஞ்சா ராடும் கோனும் பதில் சொல்ல கூடுதல் நேரம் எடுக்கும், சில மில்லிசெகண்ட் தான். ஆனா அந்த சில மில்லிசெகண்டுல சாவி நகர்ந்துடுது, வலது கண்ணு பழைய இடத்த சொல்லுது, இடது கண்ணு இப்பத்த இடத்த சொல்லுது. ரெண்டு இடத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த மூளை தூரம்னு புரிஞ்சிக்குது. தாமதம் ரெட்டினாவோடது, ஏமாறறது மூளை.

9. கடைசியா இருட்டு

ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம் இருந்தா நல்லது. கேஎல் ஃப்ளாட்டுல ஜன்னல மூடி பிரயோஜனமே இல்ல, எதிர் பிளாக்கு லைட்டு, ரோட்டு லைட்டு எல்லாம் உள்ள வந்துடும். கதவு கீழ இருக்கற சந்துக்கு டவல் வைங்க. போன ஆஃப் பண்ணி வெளிய கொடுத்துடுங்க, "டீச்சர், டைம் மட்டும் பாத்தேன்"னு ஒருத்தன் திறந்தா எல்லாரும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

உள்ள போறதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே ஒரு கண்ண கருப்பு துணியால கட்டிடுங்க, இன்னொரு கண்ணால ஹால்ல லைட்டுல இருங்க. ஒரு மூலைல ரொம்ப மங்கலா வெளிச்சம் வேணும், ஒரு சின்ன டார்ச்ச டப்பால போட்டு அஞ்சாறு மடிப்பு பேப்பரால மூடுங்க. அதுக்கு முன்னாடி வெள்ளை பேப்பர்ல பரப்பின குங்குமமும் அந்த இளநீல துணியும்.

உள்ள போன உடனே கட்ட அவுத்துட்டு ஒவ்வொரு கண்ணா மாத்தி மாத்தி பாருங்க. கட்டின கண்ணுல ரூம் தெரியும், கட்டாத கண்ணுல ஒண்ணுமே இல்ல. ஒரே ஆளு, ஒரே மூளை, ரெண்டு கண்ணுக்கு ரெண்டு இரவு. இருட்டுக்கு பழகறது ரெட்டினாவோட வேலைங்கறதுக்கு இத விட சாட்சி வேணாம்.

அப்புறம் உக்காந்து காத்திருங்க. கட்டாத கண்ணுல முதல் அஞ்சு பத்து நிமிஷம் கொஞ்சம் முன்னேற்றம், அது கோனோடது, அப்புறம் நின்ன மாதிரி இருக்கும், அதுக்கு மேல ராடு முந்திக்கிட்டு வரும். முழுசா பழக 30, 40 நிமிஷம் ஆகும். வெளிச்சத்துல கரைஞ்சு போன ரொடாப்சின் (ராடுல வெளிச்சத்த வாங்கற நிறமி) திரும்ப சேர அவ்ளோ நேரம் வேணும். பத்து நிமிஷத்துலயே "எனக்கு வரல"ன்னு எழுந்து வர்றவங்க ராட பாக்காமயே போறாங்க.

25 நிமிஷம் ஆனதும் மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, குங்குமம். ஹால்ல கண்ண பறிச்ச சிவப்பு இங்க கரி மாதிரி இருக்கும், நீல துணி வெளுத்து சாம்பலா மிதக்கும். ராடுக்கு பிடிச்சது 500 நானோமீட்டர் பக்கம் இருக்கற நீலப்பச்சை, நல்ல சிவப்பு அதுக்கு கிட்டத்தட்ட இருட்டுதான்.

ரெண்டு, டப்பால ஊசி ஓட்டை அளவு மட்டும் வெளிச்சம் விட்டு நேரா பாருங்க, மறைஞ்சிடும். கைய நீட்டி ஒன்றரை முஷ்டி அளவு மேலயோ கீழயோ பாத்தா திரும்ப வந்துடும். ஃபோவியா நடுவுல ராடே கிடையாது, 15, 20 டிகிரி தள்ளி தான் கூட்டம். மேல கீழன்னு ஏன் சொன்னேன்னா, ஒத்த கண்ணோட பக்கவாட்டுல பாத்தா மூணாவது படில அளந்த ஓட்டைல போய் விழுந்தாலும் விழும்.

மூணு, பேப்பர்ல பெரிசா எழுதினத படிக்க பாருங்க. பேப்பர் தெரியும், எழுத்து பிரியாது. நிறைய ராடு சொல்றத ஒரே லைன்ல கூட்டறதால தான் இவ்ளோ மங்கல்லயும் தெரியுது, கூட்டினதால தான் எழுத்து கரையுது. இன்னொண்ணு, ராடு பைபோலார் நேரா கேங்க்ளியனுக்கு போகாது. எம்.ஆர்.டி ஸ்டேஷனுக்கு ஃபீடர் பஸ் பிடிக்கற மாதிரி ஏ-டூ அமக்ரைன்னு ஒரு செல் கிட்ட ஏறி, அது கோன் பைபோலார் லைன்ல இறக்கி விடும், அங்க இருந்து தான் கேங்க்ளியன். பகல்ல கோனுக்கு போட்ட லைனே ராத்திரில ராடுக்கும்.

குறிப்பு எழுதணும்னா டார்ச்சுக்கு சிவப்பு பிளாஸ்டிக் கட்டி மங்கலா வச்சுக்கலாம், ராட அவ்ளோவா கெடுக்காது. ஆனா அந்த வெளிச்சத்துல குங்குமத்த பாக்காதீங்க, பளிச்சுன்னு தெரிஞ்சு சோதனைய கேலி பண்ணும்.

10. சில பேருக்கு வராது, அதுவும் குறிச்சு வைங்க

எட்டாவது படி, ஒரு கண்ணு பார்வை ரொம்ப கம்மியா இருக்கறவங்களுக்கும் மாறுகண் இருக்கறவங்களுக்கும் வராம போகலாம், ரெண்டு கண்ணும் சேர்ந்து தூரம் பாக்கணும்ல. கண்ணாடி போடறவங்க போட்டுக்கிட்டே எல்லாத்தையும் பண்ணுங்க, நாலாவது படிக்கு மட்டும் கழட்டினாலும் பரவால்ல.

போன வருஷம் ஒரு தம்பி குங்குமத்துல மாட்டினான். எல்லாரும் "இருட்டுல கருப்பாயிடுச்சு"ன்னு எழுதியிருக்காங்க, அவன் மட்டும் "மாத்தம் இல்ல"ன்னு எழுதியிருக்கான். தூங்கிட்டியாடான்னு எல்லாரும் சிரிச்சாங்க, நானும் தான். அப்புறம் ஹால் லைட்டுல அதே பேப்பர காட்டி கேட்டேன், "இப்பவும் கருப்பு மாதிரி தானே டீச்சர் இருக்கு"ன்னான். கண் பரிசோதனைக்கு அனுப்பினோம், சிவப்பு பக்கம் பாக்கற கோன் அவனுக்கு வேலை செய்யலன்னு தெரிஞ்சுது, பதினெட்டு வயசு வரைக்கும் வீட்டுல யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் தான் எனக்கு உறைச்சுது, நான் முக்கியமானதெல்லாம் ஒயிட்போர்டுல சிவப்பு மார்க்கர்ல தான் எழுதுவேன், அவன் ஒன்றரை வருஷமா அத கருப்போட கருப்பா படிச்சிட்டு இருந்திருக்கான். இப்ப நீல மார்க்கர்தான், கீழ ரெண்டு கோடு போட்டுடறேன்.